கர்ப்பிணியின் ஈரலும் பிறந்த குழந்தையின் ஈரலும்: இரும்பு, செம்பு, துத்தநாகம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தர்மபுரியில் நர்சிங் மாணவிகளுக்கு உயிர்வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பில் அவர்கள் கேட்பதும், ஊர்ப்பக்கம் போகும்போது கர்ப்பிணிகள் அவர்களிடம் கேட்டு என்னிடம் வந்து சேர்வதும் சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகங்கள்தான். பாலக்கோட்டில் கேட்பதையே தேன்கனிக்கோட்டையிலும் கேட்கிறார்கள். அதனால் கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை வைத்து, பதில்களை ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். மருந்தின் அளவை உங்களைப் பார்க்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதை மட்டும் இங்கே படித்துக்கொள்ளலாம்.

"உலோகத்தைப் பிடிக்கிற புரதம்னு சொல்றீங்களே மேடம், நம்ம உடம்புல உலோகம் எதுக்கு?"

இரும்பு இல்லாமல் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்காது. மாத்திரை அட்டையில் ஜிங்க் என்று போட்டிருக்குமே, அந்தத் துத்தநாகம் இல்லாமல் செல்கள் பெருகாது. செம்பு குறைந்தால் இருக்கிற இரும்பைக்கூட உடம்பால் ஒழுங்காகப் பயன்படுத்த முடியாது. ஆனால் இரும்பும் செம்பும் எதிலும் ஒட்டாமல் தனியாகத் திரிந்தால், செல்லுக்குள் தீங்கான வேதிப்பொருள்களைக் கிளப்பிவிடும். அதனால் உடம்பு அவற்றை எப்போதும் ஏதாவது ஒரு புரதத்தின் பிடியில்தான் வைத்திருக்கும்.

அந்தப் புரதங்களில் முக்கியமான நான்கு கல்லீரலில் உருவாகின்றன. டிரான்ஸ்ஃபெரின் ரத்தத்தில் இரும்பைச் சுமந்து போகிறது. ஒரு மூலக்கூறுக்கு 2 இரும்பு அணு. ஃபெரிட்டின் செல்லுக்குள் இரும்பைச் சேமிக்கிறது. ஒரு கூட்டுக்குள் சுமார் 4,500 அணுக்கள் வரை அடங்கும். செருலோபிளாஸ்மின் என்பது செம்பு சேர்ந்த நீல நிறப் புரதம். ரத்தத்தில் உள்ள செம்பில் பெரும்பகுதி இதில்தான் இருக்கிறது. நான்காவது மெட்டலோதயோனின். இந்தப் பக்கத்தில் அதிகம் வரப்போவது இதுதான்.

மெட்டலோதயோனினை 1957-ல் மார்கோஷஸ், வாலி என்ற இருவர் குதிரையின் சிறுநீரகத்தில் கண்டுபிடித்தார்கள். அறுபது சொச்சம் அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் புரதம். அதில் 20 சிஸ்டீன். சிஸ்டீனில் உள்ள கந்தகம்தான் உலோகத்தைக் கவ்வுகிறது. ஒரு மூலக்கூறு 7 துத்தநாக அணுக்களைப் பிடிக்கும். துத்தநாகத்தைவிடக் காட்மியம் என்ற நச்சு உலோகத்தை இறுக்கமாகப் பிடிக்கும், செம்பை அதைவிடவும் இறுக்கமாகப் பிடிக்கும். ஈரல் செல்லுக்குள் துத்தநாகம் கூடினால் இந்தப் புரதத்தின் தயாரிப்பும் கூடும். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உள்ள பல பதில்களுக்கு இதுதான் அடிப்படை.

"கர்ப்பமானா அம்மாவோட ஈரல்ல என்ன மாறுது?"

ஈஸ்ட்ரோஜன் ஏறுகிறது. அதன் தூண்டுதலில் ஈரல் டிரான்ஸ்ஃபெரினையும் செருலோபிளாஸ்மினையும் அதிகமாகத் தயாரிக்கிறது. பிரசவத்தை நெருங்கும்போது ரத்தத்தில் செம்பின் அளவு சாதாரண நாளில் இருப்பதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். இதைக் கண்ணாலேயே பார்க்க முடியும். மாதம் முற்றிய கர்ப்பிணியின் ரத்தத்தைச் சுழலவிட்டு எடுத்தால், மேலே தெளிந்து நிற்கும் திரவம் சில சமயம் வழக்கமான வைக்கோல் மஞ்சளாக இல்லாமல் லேசாகப் பச்சை படர்ந்து தெரியும். மஞ்சளோடு செருலோபிளாஸ்மினின் நீலம் சேர்வதால் வரும் நிறம் அது. முதல் தடவை பார்க்கிற மாணவிகள் குழாய் சரியாகக் கழுவவில்லையோ என்று சந்தேகப்படுவார்கள்.

இதே சமயத்தில் இரண்டு பொருள்கள் குறைகின்றன. ஒன்று ஃபெரிட்டின், சேமித்த இரும்பு செலவாவதால். இன்னொன்று ஹெப்சிடின். இதுவும் ஈரல் தயாரிப்பதுதான். குடலிலிருந்து இரும்பு ரத்தத்துக்குள் வரும் வழியை அடைப்பது இதன் வேலை. நான்காம் மாதத்துக்கு மேல் ஈரல் இதைக் குறைத்துக்கொள்வதால் வழி திறக்கிறது, சாப்பாட்டிலிருந்தும் மாத்திரையிலிருந்தும் கூடுதலாக இரும்பு உள்ளே வருகிறது. ஒரு கர்ப்பத்துக்கு மொத்தம் சுமார் 1,000 மில்லிகிராம் இரும்பு தேவை என்பதால், இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் தாக்குப்பிடிக்க முடியாது.

"டெஸ்ட்ல காப்பர் ஜாஸ்தி, ஜிங்க் கம்மின்னு வந்திருக்குங்க. பயமா இருக்கு."

கர்ப்பிணி அல்லாதவர்களுக்கான அளவை வைத்துப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். செம்பு ஏன் ஏறுகிறது என்பதை முந்தின பதிலில் சொல்லிவிட்டேன். துத்தநாகம் குறைவாகத் தெரிவதற்கு முக்கியக் காரணம், கர்ப்பத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுவதுதான். துத்தநாகத்தைச் சுமக்கும் ஆல்புமின் என்ற புரதம் அதனால் நீர்த்துப்போகிறது. இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு கடையில் நீங்களாகவே ஜிங்க் மாத்திரை வாங்கிப் போடாதீர்கள்.

"ஹீமோகுளோபின் 11 இருக்கு. அப்புறம் எதுக்கு ஃபெரிட்டின் பாக்கச் சொல்றாங்க?"

ஹீமோகுளோபின் என்பது இப்போது புழக்கத்தில் இருக்கும் இரும்பு, ஃபெரிட்டின் கையிருப்பு. கையிருப்பு தீர்ந்த பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்க ஆரம்பிக்கும். கர்ப்பத்தில் 11-க்குக் கீழே போனால் ரத்தசோகை என்று கணக்கு. 11-ல் நிற்கிற ஒருவருக்கு உள்ளே கையிருப்பே இல்லாமலும் இருக்கலாம். ஃபெரிட்டின் 30-க்குக் கீழே இருந்தால் கையிருப்பு வற்றிவிட்டது என்றே பல மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, பல்லில் சீழ் என்று ஏதாவது இருந்தால் ஈரல் ஃபெரிட்டினை அதிகமாக வெளியே விடும். அப்போது கையிருப்பு இல்லாவிட்டாலும் எண் நன்றாகவே வரும். உடம்பு சரியில்லாத நாளில் எடுத்த ஃபெரிட்டினை நம்ப வேண்டாம்.

"ஆரம்ப சுகாதார நிலையத்துல குடுக்கிற சிவப்பு மாத்திரையும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் ஒண்ணாப் போட்டுக்கலாமா?"

கூடாது. இரண்டும் குடலில் மோதிக்கொள்ளும், இரும்பு வீணாகும். குறைந்தது 2 மணி நேரம் இடைவெளி விடுங்கள். டீ, காபியும் அப்படித்தான். மாத்திரை போட்ட கையோடு டீ குடித்தால் அதிலுள்ள டானின் இரும்பைக் கட்டிவிடும். எலுமிச்சைச் சாறு, கொய்யா, நெல்லிக்காய் என்று வைட்டமின் சி உள்ளது எதையாவது சேர்த்துக்கொண்டால் நல்லது.

சிவப்பு மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒன்று, 180 நாள். பிரசவத்துக்குப் பின் இன்னும் 180 நாள். மலம் கறுப்பாகப் போவது உடம்பில் சேராத மிச்ச இரும்பினால்தான், பயப்பட ஒன்றுமில்லை. சீக்கிரம் ரத்தம் ஊறட்டும் என்று ஒன்றுக்கு இரண்டாக நீங்களே கூட்டாதீர்கள். பெரிய அளவு இரும்பு ஒரே நேரத்தில் உள்ளே போனால் ஈரல் உடனே ஹெப்சிடினை ஏற்றி அந்த வழியை அடைத்துக்கொள்ளும். ரத்தசோகை இருப்பவர்களுக்கு மருத்துவரே இரண்டு எழுதுவார். அப்போது தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

"வயித்துக்குள்ள இருக்கிற குழந்தைக்கு ஈரல் வேலை செய்யுமா? எல்லாம் அம்மாவே குடுத்துடுவாங்கதானே?"

நிறையவே வேலை செய்கிறது. கர்ப்பத்தின் நடு மாதங்களில் குழந்தைக்கு ரத்தம் ஊறுகிற முக்கிய இடமே ஈரல்தான். எலும்பு மஜ்ஜை அந்தப் பொறுப்பை முழுதாக ஏற்க பிறப்பு நெருங்க வேண்டும்.

அம்மா எல்லாவற்றையும் கொடுப்பதில்லை. அம்மாவின் டிரான்ஸ்ஃபெரின் நஞ்சுக்கொடியைத் தாண்டாது. அது கொண்டுவரும் இரும்பை மட்டும் நஞ்சுக்கொடி இறக்கி எடுத்து மறுபக்கம் தள்ளுகிறது. அங்கே குழந்தையின் ஈரல் தானே தயாரித்த டிரான்ஸ்ஃபெரின் அதை ஏற்றிக்கொள்கிறது. செம்பும் துத்தநாகமும் அதுபோலத்தான். உலோகத்தைத் தாய் தருவாள், அதைப் பிடித்து வைக்கும் புரதத்தைக் குழந்தை சொந்தமாகச் செய்துகொள்ள வேண்டும். கருவின் ஈரலில் மெட்டலோதயோனின் குவிந்து கிடப்பது இதற்காகத்தான். அந்த வயதில் இருக்கும் அளவுக்கு, நோய் இல்லாத ஈரலில், பிறகு வாழ்நாளில் எப்போதும் அது இருப்பதில்லை. பிறந்தபின் மாதங்கள் ஓட ஓடப் படிப்படியாகக் குறைந்து பெரியவர்களின் அளவுக்கு வந்துவிடும்.

இந்தச் சேமிப்பில் பெரும்பகுதி நடப்பது கடைசி மூன்று மாதங்களில். தாய்ப்பாலில் இரும்பும் செம்பும் கொஞ்சம்தான். பசும்பாலிலும் அப்படியே. ஒரு அறுவடைக்கும் அடுத்த அறுவடைக்கும் நடுவே குடும்பத்தைக் காப்பாற்றுகிற குதிர் மாதிரி, இந்தக் கையிருப்புதான் முதல் 4 முதல் 6 மாதம் வரை குழந்தையை ஓட்டுகிறது. ஆறாம் மாதம் இணை உணவு ஆரம்பிக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

"பிறந்த குழந்தை ஈரல்ல அவ்வளவு செம்பு இருந்தா அது விஷம் ஆகாதா?"

நல்ல கேள்வி. பெரியவர்களின் ஈரலில், உலர்ந்த எடையில் ஒரு கிராமுக்குச் செம்பு வழக்கமாக 50 மைக்ரோகிராமுக்குள் இருக்கும். 250-ஐத் தாண்டினால் வில்சன் நோயாக (பரம்பரையாக வரும், ஈரலில் செம்பு தேங்கும் நோய்) இருக்கலாம் என்று மருத்துவர்கள் நினைப்பார்கள். நலமாகப் பிறந்த குழந்தையின் ஈரலில் இந்த 250-ஐத் தாண்டியும் இருப்பது சாதாரணம். பெரியவருக்கு நோய் என்று சொல்லும் அளவு செம்பை வைத்துக்கொண்டு அந்தக் குழந்தை நிம்மதியாகப் பால் குடித்துத் தூங்குகிறது.

காரணம் மெட்டலோதயோனின்தான். செம்பு அதன் கந்தகப் பிடியில் இருப்பதால் கெடுதல் செய்ய வழியில்லை. எவ்வளவு செம்பு இருக்கிறது என்பதைவிட, அது கட்டுண்டு இருக்கிறதா அவிழ்ந்து திரிகிறதா என்பதுதான் முக்கியம். இந்த ஒன்று புரிந்துவிட்டால் மீதிக் கேள்விகளில் பாதிக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

ஆனால் பச்சைக் குழந்தையின் ஈரலுக்கு ஒரு குறை உண்டு. சேர்த்து வைக்கத் தெரியும், வெளியேற்ற இன்னும் சரியாகத் தெரியாது. உடம்பிலிருந்து செம்பு வெளியே போகும் வழி பித்தநீர். அந்த வேலை பிறந்த சில மாதங்களில்தான் சூடுபிடிக்கும். ஈரலிலிருந்து செம்பை ரத்தத்துக்கு அனுப்பும் செருலோபிளாஸ்மினும் பிறந்தபோது மிகக் குறைவு. ஆக, ஏற்கெனவே நிறைந்திருக்கும் ஈரலுக்குள் வெளியிலிருந்து மேலும் செம்பு கொட்டினால் போக இடமில்லை.

"எங்க பாட்டி பித்தளைக் குண்டாவுலதான் பால் காய்ச்சினாங்க. குழந்தைக்கும் அதுலயே காய்ச்சிக் குடுத்தா என்ன?"

குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். இதை நான் அழுத்தியே சொல்வேன். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். வெள்ளீயம் பூசாத பித்தளையிலோ செம்பிலோ பாலைக் காய்ச்சி அப்படியே வைத்திருந்தால் செம்பு பாலில் இறங்கும். பாலிலுள்ள கேசின் புரதம் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பால் திரியாது, நிறம் மாறாது, நாக்குக்கும் பெரிதாகத் தெரியாது. குடிக்கிற குழந்தையின் ஈரலோ முந்தின பதிலில் சொன்ன நிலையில் இருக்கிறது.

பெரியவர்கள் ஈரல் குலைக்கட்டி என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஆறு மாதம் முதல் மூன்று, நான்கு வயதுக்குள் வயிறு உப்பி, ஈரல் கல்லாக இறுகி, மஞ்சள் காமாலை கண்டு குழந்தைகள் போய்விடுவார்கள். அந்தப் பெயரில் சொல்லப்பட்டவற்றில் பல வகை நோய்கள் கலந்திருந்தன. அவற்றில் ஒன்றை மருத்துவ நூல்கள் இந்தியக் குழந்தைப்பருவ ஈரல் சுருக்க நோய் என்று தனியாகவே குறித்தன. அந்தக் குழந்தைகளின் ஈரலில் செம்பு பயங்கரமாக ஏறியிருந்தது. 1980-களில் புனே பகுதியில் நடந்த ஆய்வுகள், தாய்ப்பாலை சீக்கிரம் நிறுத்திவிட்டுப் பித்தளை, செம்புப் பாத்திரத்தில் காய்ச்சிய மாட்டுப்பால் கொடுத்த வழக்கத்தை இந்த நோயோடு இணைத்துக் காட்டின. எவர்சில்வரும் அலுமினியமும் வீடுகளில் பரவி, தாய்ப்பால் பற்றிய விழிப்பும் வந்தபின் நோய் பெரும்பாலும் மறைந்தே போனது.

இது நம் நாட்டில் மட்டும் நடந்ததும் இல்லை. ஆஸ்திரியாவின் டைரோல் மலைக் கிராமங்களில் 1900-க்கும் 1974-க்கும் இடையில் 138 குழந்தைகள் இதே போன்ற ஈரல் நோயில் இறந்ததை 1996-ல் ஒரு ஆய்வு தொகுத்தது. அங்கும் பூசாத செம்புப் பாத்திரம், அங்கும் மாட்டுப்பால். செம்புப் பாத்திரங்கள் போனதும் நோயும் போனது. பாத்திரம் அப்படி இருந்த எல்லா வீட்டுக் குழந்தைக்கும் நோய் வரவில்லை என்பதால், பரம்பரைக் காரணமும் சேர்ந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். உங்கள் குழந்தை அந்த வகையா இல்லையா என்று முன்கூட்டித் தெரிந்துகொள்ள வழியில்லை. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், அதன்பின் குழந்தைக்கான பாலும் கஞ்சியும் எவர்சில்வரில். பாட்டியின் குண்டாவைத் தேய்த்துப் பளபளவென்று கொலுவில் வையுங்கள்.

"அப்ப நான், கர்ப்பமா இருக்கிறவ, செம்புச் சொம்புல ராத்திரி ஊத்தி வெச்ச தண்ணி குடிக்கலாமா?"

குடிக்கலாம். உங்கள் ஈரல் வளர்ந்த ஈரல், மிஞ்சிய செம்பைப் பித்தநீர் வழியே தள்ளிவிடும். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரை செம்பை ஏற்கிறது. சாதாரணத் தண்ணீரை இரவு முழுவதும் வைத்தால் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கும்.

ஆனால் புளிப்பு எதையும் அதில் வைக்காதீர்கள். மோர், எலுமிச்சைச் சாறு, புளிக்கரைசல் எல்லாம் செம்பை வேகமாகக் கரைக்கும். புளியால் தேய்த்தால் செம்பு ஏன் பளிச்சென்று ஆகிறது என்று யோசித்துப் பாருங்கள், விஷயம் விளங்கும். பித்தளையில் புளிக்குழம்பு வைப்பவர்கள் வெள்ளீயம் பூசியதில்தான் வைக்க வேண்டும். பூச்சு தேய்ந்து மஞ்சள் தெரிய ஆரம்பித்தால் மறுபடி பூசியாக வேண்டும்.

"நாங்க தினமும் களிதான். கேழ்வரகுல இல்லாத சத்தா?"

கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து அபாரம், 100 கிராமில் 340 மில்லிகிராமுக்குக் குறையாது. இரும்பும் ஓரளவு இருக்கிறது. ஆனால் தவிட்டோடு ஃபைட்டேட் என்ற பொருளும் இருக்கிறது. குடலில் இரும்பையும் துத்தநாகத்தையும் அது கட்டிப்போடும். களியை விட வேண்டியதில்லை, அதைச் செய்யும் விதத்தைக் கொஞ்சம் மாற்றினால் போதும். கேழ்வரகை ஊறவைத்து முளைகட்டிக் காயவைத்து அரைத்தால் ஃபைட்டேட் கணிசமாகக் குறையும். மாவை முந்தின நாளே கரைத்துப் புளிக்கவைத்துக் காய்ச்சும் கூழுக்கும் அதே பலன் உண்டு.

களிக்குத் தொட்டுக்கொள்வதும் முக்கியம். கீரைக் கடைசலோடு நிறுத்தாமல் தக்காளி சேருங்கள், எலுமிச்சை பிழியுங்கள். பாலக்கோட்டுச் சந்தையில் தக்காளிக்குப் பஞ்சமில்லையே. கொள்ளு, தட்டைப்பயறு, முட்டை, முடிந்தால் வாரம் ஒரு முறை கறி. துத்தநாகம் கறியிலிருந்து உடம்பில் சேர்வதைப்போலத் தானியத்திலிருந்து சேர்வதில்லை.

"ரத்தம் ஊறும்னு மாமியார் ஆட்டு ஈரல் வாங்கிட்டு வர்றாங்க. சாப்பிடலாமா அக்கா?"

உங்கள் ஈரல் இரும்பையும் செம்பையும் சேர்த்து வைப்பதுபோல ஆட்டின் ஈரலும் சேர்த்து வைத்திருக்கும், அதனால் மாமியார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சிக்கல் வைட்டமின் ஏ. ஈரலில் அது மிக அதிகம். முதல் மூன்று மாதத்தில் அளவுக்கு மீறினால் கருவுக்குக் குறைபாடு வரலாம். அந்த மாதங்களில் ஈரல் வேண்டாம், பிறகும் அடிக்கடி வேண்டாம். சுவரொட்டி, அதாவது ஆட்டின் மண்ணீரல், வாங்கி வரச் சொல்லுங்கள். இரும்பு ஏராளம், வைட்டமின் ஏ தொந்தரவு இல்லை. எதுவானாலும் நன்றாக வேகவேண்டும்.

"எங்க ஊரு போர் தண்ணில ஃபுளோரைடு. இந்தப் புரதம் அதையும் புடிச்சு வெச்சுக்குமா?"

பிடிக்காது. பென்னாகரத்துப் பக்கம் பல் மஞ்சளாகிப்போன பிள்ளைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தச் சந்தேகம் வருவது இயற்கைதான். ஃபுளோரைடு உலோகம் இல்லை. மெட்டலோதயோனினின் கந்தகம் அதைத் தொடாது. அது நேராக எலும்புக்கும் பல்லுக்கும் போகிறது, நஞ்சுக்கொடியையும் தாண்டும். கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்ததே இந்தப் பிரச்சினைக்காகத்தான். வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருந்தால் குடிக்கவும் சமைக்கவும் அந்தக் குழாய்த் தண்ணீரையே பிடித்து வையுங்கள். போர் தண்ணீரைக் குளிக்க, துவைக்க வைத்துக்கொள்ளலாம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு உள்ள நீரைக் குடிக்கவே கூடாது.

"வீட்டுக்காரர் பீடி, நான் எப்பவாவது புகையிலை போடுவேன். அதுக்கும் ஈரலுக்கும் என்ன சம்பந்தம்?"

புகையிலைச் செடி மண்ணிலிருந்து காட்மியத்தை இழுத்துச் சேர்க்கும். அது புகையாகவும் சாறாகவும் உடம்புக்குள் வரும். மெட்டலோதயோனின் துத்தநாகத்தைவிடக் காட்மியத்தை இறுக்கமாகப் பிடிக்கும் என்று முதல் பதிலில் சொன்னேன். ஈரலும் நஞ்சுக்கொடியும் காட்மியத்தைக் கண்டதும் இந்தப் புரதத்தை அதிகமாகச் செய்து அதைக் கட்டிப்போடுகின்றன. அதனால் குழந்தைக்குக் காட்மியம் கொஞ்சம்தான் போய்ச்சேரும்.

அதோடு முடிந்திருந்தால் நல்லது. பெருகிய புரதம் நஞ்சுக்கொடியில் துத்தநாகத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. குழந்தைக்குப் போக வேண்டிய துத்தநாகம் வழியிலேயே நின்றுவிடுகிறது. புகைக்கும் தாய்மாரின் குழந்தைகள் எடை குறைந்து பிறப்பதற்கான காரணங்களில் இதுவும் ஒன்றாகப் பேசப்படுகிறது. அவர் பீடியை வாசலுக்கு வெளியே வைத்துக்கொள்ளட்டும். நீங்கள் புகையிலையை இன்றைக்கே விடுங்கள்.

"கர்ப்பத்துல காய்ச்சல் வந்தா குழந்தைக்கு ஜிங்க் கொறையும்னு படிச்சேன். நெசமா மேடம்?"

இது ஒரு மாணவி கேட்டது. வழி சரியாகத்தான் படித்திருக்கிறாள். தொற்று, கடும் அழற்சி, உடலுக்கு நேரும் பெரிய அதிர்ச்சி இவற்றின்போது தாயின் ஈரல் மெட்டலோதயோனினை மளமளவென்று தயாரிக்கும். ரத்தத்திலிருக்கும் துத்தநாகம் ஈரலுக்குள் இழுக்கப்படும். ரத்தத்தில் குறைந்தால் நஞ்சுக்கொடிக்கும் குறைவாகவே போகும். எலி, சுண்டெலிகளில் இது தெளிவாகக் காட்டப்பட்டிருக்கிறது. அவற்றுக்கு மதுவைக் கொடுத்தாலும் இதே விளைவுதான், உறுப்புகள் உருவாகும் ஆரம்ப நாட்களில் கொடுத்தால் குட்டிகளுக்குக் குறைபாடும் வந்தது.

அதற்காக இரண்டு நாள் சளிக்காய்ச்சலுக்குப் பதற வேண்டாம். காய்ச்சலை உடனே கவனியுங்கள், சாப்பாட்டை விடாதீர்கள், மதுவைத் தொடாதீர்கள். அவ்வளவு போதும்.

"இந்தப் புரதமே இல்லாத சுண்டெலியை உருவாக்கினாங்களாம், அது நல்லாத்தான் இருந்துச்சாம். அப்ப இது தேவையே இல்லியா?"

மெட்டலோதயோனினின் முக்கியமான இரண்டு வகை மரபணுக்களை முடக்கிய சுண்டெலிகளை 1993, 1994-ல் இரண்டு குழுக்கள் உருவாக்கின. அவை பிறந்தன, வளர்ந்தன, குட்டியும் போட்டன. பலருக்கு அது ஏமாற்றம்தான். ஆனால் அவற்றுக்குக் கிடைத்தது ஆய்வுக்கூடத்தின் நிறைவான தீனி. காட்மியம் கொடுத்தபோது அவற்றின் ஈரல் சீக்கிரம் கெட்டது. கர்ப்பத்தில் துத்தநாகம் குறைந்த தீனி போட்டபோது, இந்தப் புரதம் இல்லாத தாய்களின் கருக்களில் குறைபாடுகள் அதிகமாக வந்தன.

வயிறு நிறையக் கிடைக்கும் காலத்தில் கையிருப்பின் அருமை தெரியாது. களியும் ரசமுமாக ஓடுகிற வீட்டில் கர்ப்பமாக இருப்பவளுக்கும் அவள் குழந்தைக்கும்தான் அது பெரிதாக வேண்டியிருக்கிறது. அந்தச் சுண்டெலி ஆய்வை நான் அப்படித்தான் வாசிக்கிறேன்.

"குறைமாசத்துல, 30 வாரத்துல பிறந்துட்டான். அவனுக்கு இந்தக் கையிருப்பு?"

சேமிப்பின் பெரும்பகுதி கடைசி மூன்று மாதத்தில் நடக்கிறது என்றேன் அல்லவா, அதுதான் அவனுக்குக் கிடைக்காமல் போனது. ஆறு மாதம் தாங்க வேண்டிய இரும்பு அவனுக்கு ஒன்றிரண்டு மாதத்திலேயே தீர்ந்துவிடும். அதனால்தான் பிறந்த சில வாரங்களிலேயே மருத்துவர் இரும்புச் சொட்டு எழுதுகிறார். அதை ஒரு நாள்கூட விடாதீர்கள். வாயைச் சுற்றியும் டயபர் கட்டும் இடத்திலும் சிவந்து உரிகிற புண் வந்து, களிம்பு போட்டும் ஆறாவிட்டால், துத்தநாகக் குறைவாக இருக்கலாம். பச்சிளங்குழந்தைப் பிரிவில் காட்டுங்கள்.

பிரசவம் இன்னும் ஆகாதவர்களுக்கு ஒன்று: குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடியை உடனே கட்டாமல் ஒரு நிமிடமாவது பொறுத்துக் கட்டினால், நஞ்சுக்கொடியில் இருக்கும் ரத்தம் குழந்தைக்கு வந்துசேரும். அது இரும்பாகவே கணக்கில் சேர்கிறது. முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு வையுங்கள்.

"எங்க அண்ணனுக்கு வில்சன் நோய். நான் மாமன் மகனைக் கட்டியிருக்கேன். குழந்தை பிறந்த உடனே செருலோபிளாஸ்மின் பாத்துட்டா தெரிஞ்சிடுமா?"

தெரியாது. வில்சன் நோயில், ஈரலிலிருந்து செம்பைப் பித்தநீருக்குத் தள்ளும் ஏ.டி.பி.7.பி என்ற புரதத்தின் மரபணு பழுதாகியிருக்கும், செருலோபிளாஸ்மின் குறையும். ஆனால் நோயே இல்லாத பச்சைக் குழந்தைக்கும் செருலோபிளாஸ்மின் குறைவாகத்தான் இருக்கும். பிறந்தபோது பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ஒரு வயதாவது ஆகட்டும். குடும்பத்தில் எந்த மரபணு மாற்றம் என்று அண்ணனுக்குப் பார்த்து வைத்திருந்தால், குழந்தைக்கு மரபணுப் பரிசோதனை எந்த வயதிலும் செய்யலாம்.

பழுதான மரபணு அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்தால்தான் நோய். நம் பக்கம் மாமன் மகன், அத்தை மகள், அக்கா மகள் என்று சொந்தத்திலேயே கட்டுவதால் இருவரிடமும் ஒரே பழுது இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. இருவருமே சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அண்ணனுக்கு நோய் இருப்பதால் முதலில் நீங்களும் பரிசோதித்துக்கொள்ளுங்கள், அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும். கர்ப்பத்தில் செருலோபிளாஸ்மின் ஏறிவிடும் என்பதால் உங்களுக்கும் அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது.

"எனக்கே வில்சன் நோய்ங்க. இப்ப மூணு மாசம். மாத்திரை குழந்தையைப் பாதிக்கும்னு நிறுத்திடலாமா?"

நிறுத்தவே கூடாது. கர்ப்பத்தில் மருந்தை நிறுத்திய பெண்களுக்கு ஈரல் செயலிழந்து உயிருக்கே ஆபத்து வந்திருக்கிறது. பெனிசிலமின் எடுப்பவர்களுக்கு மருத்துவர் அளவைக் குறைப்பார், முக்கியமாகக் கடைசி மாதங்களில், சிசேரியன் ஆனால் காயம் ஆறத் தாமதமாகும் என்பதால். துத்தநாக மாத்திரை எடுப்பவர்கள் அதே அளவில் தொடர்வதுதான் வழக்கம்.

துத்தநாகம் எப்படி மருந்தாகிறது என்பதை முதல் பதிலிலிருந்தே ஊகிக்கலாம். அது குடல் செல்களில் மெட்டலோதயோனினைப் பெருகச் செய்கிறது. அந்தப் புரதம் சாப்பாட்டில் வரும் செம்பை அங்கேயே இறுகப் பிடித்துக்கொள்ளும். குடல் செல் சில நாளில் உதிரும்போது செம்பும் அதோடு மலத்தில் போய்விடும். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் விட்டு வெறும் வயிற்றில் போட்டால்தான் இது சரியாக நடக்கும். நீங்கள் போடும் இரும்பு மாத்திரைக்கும் இதற்கும் இடையே நல்ல இடைவெளி வேண்டும். இரண்டுக்கும் நேரம் குறித்து மருத்துவரிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.